மறுநாள் காலை அவன் என்ன செய்தான்? சூப்பர் ஹீரோ காமிக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குப் பிறகு பழைய கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பேசுவோம். பாதிப் பேர் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வருபவர்கள், நானும் அதில் ஒருவன். புதிதாக வருகிறவர்கள் ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறார்கள். நாங்களும் சுண்டலை மென்றபடி சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். சரி, ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கதைகளின் முடிவெல்லாம் இதில் வெளியே வந்துவிடும். பெரும்பாலும் முப்பது நாற்பது வருடப் பழைய கதைகள்தான், அதனால் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

ஹல்க்குக்கும் சூப்பர்மேனுக்கும் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார்?

தெரியாது. ஆரம்பத்தில் நாங்களும் இதைத்தான் பேசினோம். ஒரு வருடம் பேசியும் முடியவில்லை, ஒரு தம்பி கோபித்துக்கொண்டு மூன்று வாரம் வரவேயில்லை. அப்போது எங்களோடு இருந்த ஓர் அக்கா, செவிலியர், இரவுப் பணி முடித்த தூக்கக் கலக்கத்தோடு கேட்டார்: "சண்டையெல்லாம் இருக்கட்டும்ப்பா. மறுநாள் காலையில எழுந்து அவன் என்ன பண்ணான்?" யாரிடமும் பதில் இல்லை. புத்தகத்தைத் திரும்பப் புரட்ட வேண்டியிருந்தது.

அதிலிருந்து எந்தக் கதையை எடுத்தாலும் இதைத்தான் முதலில் கேட்கிறோம். அடி வாங்கிய கட்டம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்கு அடுத்த நாளை எழுதத் தெரிந்த கதாசிரியர்கள் குறைவு.

பறக்கிறவன், சுவரில் ஏறுகிறவன் கதையில் மன வேதனைக்கு என்ன வேலை? அது எப்போது உள்ளே வந்தது?

சூப்பர்மேன் 1938இல் வந்தார், பேட்மேன் 1939இல். பேட்மேனின் அப்பா அம்மா கொலையான கதையை அந்த வருடமே சொல்லிவிட்டார்கள், ஆனால் இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டார்கள். பையன் சபதம் எடுக்கிறான், அடுத்த பக்கத்தில் பெரியவனாகிவிடுகிறான். 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்களே சேர்ந்து காமிக்ஸுக்கு ஒரு தணிக்கை விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எல்லாம் சர்க்கரைப் பொங்கல்தான்.

1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனைக் கொண்டுவந்தபோதுதான் பிடி மாறியது. ஒரு திருடன் ஓடுகிறான். பீட்டர் பார்க்கர் பிடித்திருக்கலாம், 'எனக்கென்ன' என்று விட்டுவிடுகிறான். அந்தத் திருடன்தான் பிறகு அவனை வளர்த்த பென் சித்தப்பாவைச் சுடுகிறான். பேட்மேனுக்கு நடந்தது அநியாயம். பீட்டருக்கு நடந்ததில் அவனுக்கும் பங்கு இருக்கிறது. அநியாயத்துக்குப் பழி வாங்கலாம், தன் பங்குக்கு யாரைப் பழி வாங்குவது? (சக்தி பெரிதானால் பொறுப்பும் பெரிது என்ற அந்தப் புகழ்பெற்ற வரியை 1962 கதையில் பென் சித்தப்பா சொல்லவேயில்லை. அது கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் வரியாக வருகிறது. பந்தயம் கட்டி ஜெயிக்க உதவும்.)

1971இல் அமெரிக்க சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டதால் போதை மாத்திரை பற்றி ஸ்டான் லீ ஸ்பைடர்மேனில் எழுதினார். போதை என்ற பேச்சே கூடாது என்று தணிக்கைக்காரர்கள் மறுக்க, 96 முதல் 98 வரை மூன்று இதழ்களும் தணிக்கை முத்திரை இல்லாமலே கடைக்குப் போயின. அந்த வருடமே விதியைத் தளர்த்தினார்கள்.

இவர்கள் எல்லாரும் ஏன் அநாதைகள்?

கதாசிரியருக்கு வசதி, வீட்டில் 'எங்கேடா போற' என்று கேட்க ஆளில்லை. எங்கள் கூட்டத்தில் முதலில் சொல்லப்படும் பதில் இதுதான், கொஞ்சம் உண்மையும்கூட.

ஆனால் சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலின் அப்பா 1932இல் தன் துணிக்கடையில் நடந்த கொள்ளையின்போது இறந்துபோனார். பையனுக்கு அப்போது பதினேழு வயது. அடுத்த சில வருடங்களில் அவர் நண்பர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து படைத்தது குண்டு துளைக்காத ஒரு மனிதனை. இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்த பிறகு முடிச்சுப் போடாமலும் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இந்தக் கேள்வி வந்தாலே திலகவதியாரைக் கொண்டுவந்துவிடுவார். திருப்பாதிரிப்புலியூருக்கும் திருவதிகைக்கும் நடுவே வளர்ந்தவர் வேறு யாரைச் சொல்வார்? அப்பா அம்மா இறந்தார்கள், நிச்சயித்த மாப்பிள்ளை போரில் போனார். உயிரை விடப் போன அக்காவைத் தடுத்தது சின்னத் தம்பி. தம்பிக்காக உயிர் வைத்திருந்தார், அந்தத் தம்பிதான் பின்னாளில் அப்பர். "நீங்க எல்லாரும் தம்பி கதையப் படிக்கிறீங்க. அக்கா கதையப் படிங்க" என்பார். அதாவது பீட்டரை விட்டுவிட்டு மே சித்தியைப் பார் என்கிறார். கணவனைப் பறிகொடுத்தவர், கடன், வாடகை, சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி வெளியே போகும் பையன். அந்தக் கோணத்தில் ஒரு வாரம் படித்துப் பாருங்கள், ஸ்பைடர்மேன் மேலேயே கோபம் வரும்.

க்வென் ஸ்டேசி இறந்ததைப் பற்றி ஐம்பது வருடமாகப் பேச என்ன இருக்கிறது?

க்வென், பீட்டரின் காதலி. 1973 ஜூன், 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121ஆம் இதழ். எழுதியவர் ஜெர்ரி கான்வே, அப்போது இருபது வயதுதான். வரைந்தவர் கில் கேன். இதழின் முதல் பக்கத்தில் கதைத் தலைப்பு கிடையாது, கடைசிப் பக்கத்தில்தான் தலைப்பையே காட்டுகிறார்கள். முன்னால் போட்டால் விஷயம் தெரிந்துவிடும் என்பதற்காக.

எதிரி க்ரீன் காப்ளின் பாலத்தின் உச்சியிலிருந்து க்வென்னைத் தள்ளிவிடுகிறான். (எழுத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், படத்தில் இருப்பது புரூக்ளின் பாலம். அந்த அவசரத்திலும் இதைக் கவனிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.) பீட்டர் வலையை வீசுகிறான், வலை அவள் காலைப் பிடிக்கிறது. அந்தக் கட்டத்தில் கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சொல்: 'ஸ்னாப்'. காப்பாற்றிவிட்டேன் என்று சந்தோஷமாக மேலே இழுக்கிறான். அவள் இறந்திருக்கிறாள்.

விழுந்ததில் இறந்தாளா, சட்டென்று நிறுத்தியதில் கழுத்து முறிந்து இறந்தாளா? சில இதழ்கள் கழித்து வாசகர் கடிதப் பகுதியில், திடீரென நின்ற அதிர்ச்சிதான் காரணம், ஆனால் பீட்டருக்கு வேறு வழியும் இல்லை என்று பதில் சொன்னார்கள். செவிலியர் அக்கா இதை ஒரே மூச்சில் முடித்துவிட்டார்: "ஆக்சிடென்ட்ல தூக்குறவங்களும் இதே தப்பத்தான் பண்றாங்க. காப்பாத்தணும்னு ஓடிவந்து கழுத்தத் தூக்கிடுவாங்க. அவங்கள என்னன்னு சொல்றது?"

ஆனால் நாங்கள் பேசுவது 122ஐப் பற்றி. பழிவாங்கும் சண்டை முடிந்து, காப்ளின் தன் கிளைடராலேயே குத்துப்பட்டுச் செத்து, எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரே ஒரு பக்கம். பீட்டர் வீட்டுக்கு வருகிறான். மேரி ஜேன் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அதுவரை அவள் பார்ட்டி, டான்ஸ் என்று திரிகிற பெண், எதையும் சீரியஸாக எடுத்துக்கொள்ளாதவள். ஆறுதல் சொல்ல வாயைத் திறக்கிறாள். அவன் கடித்துக் குதறுகிறான்: உன் சொந்த அம்மா செத்தாலும் உனக்கு வருத்தம் வராது, போ என்கிறான். அவள் அழுதபடி கதவு வரை போகிறாள். கதவு திறந்திருக்கிறது. நிற்கிறாள். கதவைச் சாத்துகிறாள், உள்ளே இருந்தபடியே. சத்தம்: 'க்ளிக்'.

அவ்வளவுதான், இதழ் முடிந்தது. 121இல் ஒரு 'ஸ்னாப்', 122இல் ஒரு 'க்ளிக்'. முதல் சத்தத்தை உலகம் முழுக்கப் பேசுகிறது. இரண்டாவதைக் கவனிக்காமல் புத்தகத்தை மூடிவிடுகிறோம். எழவு வீட்டில் பந்தல் பிரித்து, நாற்காலி எல்லாம் வண்டியில் ஏறிய பிறகும் போகாமல் உட்கார்ந்திருப்பார்களே ஒன்றிரண்டு பேர், அப்படிப்பட்ட ஆள் மேரி ஜேன். திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுவரில் ஏறுவதைவிடக் கஷ்டம்.

ராபினைக் கொன்றது வாசகர்களா?

ஆமாம், போன் போட்டு. ராபின் என்பவன் பேட்மேனோடு சேர்ந்து சண்டை போடும் பையன். 1988இல் இரண்டாவது ராபின் ஜேசன் டாட்டை ஜோக்கர் கடப்பாரையால் அடித்து, வெடிகுண்டோடு பூட்டிவிட்டுப் போகிறான். கிடங்கு வெடிக்கிறது. இதழின் பின்னட்டையில் இரண்டு தொலைபேசி எண்கள், பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா? ஒரு அழைப்புக்கு ஐம்பது சென்ட். சாகட்டும் என்றவை 5,343, பிழைக்கட்டும் என்றவை 5,271. எழுபத்திரண்டு ஓட்டில் பையன் போய்விட்டான். பிழைத்ததாக ஒரு மாற்று முடிவும் வரைந்து தயாராக இருந்தது.

எங்கள் கூட்டத்தில் கைதூக்கச் சொல்லிப் பார்த்தோம். மூன்று பேர் 'சாகட்டும்' என்றார்கள். ஏன் என்று கேட்டால் 'வாயாடி, சொன்ன பேச்சு கேட்க மாட்டான்' என்கிறார்கள். தெருவில் வளர்ந்து, டயர் திருடிப் பிழைத்த பையன் வேறெப்படி இருப்பான்? சாந்தமான பிள்ளையாக இருந்திருந்தால் ஓட்டு மாறியிருக்கும். பாவம் பார்ப்பதற்கும் நாம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறோம் என்று நான் சொன்னதும் அன்றைய கூட்டம் சீக்கிரம் கலைந்தது.

மறுநாள் காலை என்ற கேள்விக்கு இங்கே பதில் உண்டு. அடுத்த வருடக் கதையில் பேட்மேன் கண்மண் தெரியாமல் அடிக்கிறார், அடி வாங்கிக்கொண்டும் வருகிறார். அதைத் தூரத்திலிருந்து கவனித்துவிட்டு 'இவருக்கு ஒரு ராபின் வேண்டும்' என்று கதவைத் தட்டுகிறான் டிம் டிரேக் என்ற பள்ளிக்கூடப் பையன். பெரியவர்கள் யாருக்கும் தெரியாதது அவனுக்குத் தெரிகிறது.

டோனி ஸ்டார்க் குடிக்கும் கதை உங்கள் ஊரில் எடுபடுமா?

எங்கள் ஊரில் எடுபடாமல் வேறு எங்கே எடுபடும்? கடலூரிலிருந்து பஸ் முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை. தாண்டியதும் கடைகளின் பலகைகள் என்ன சொல்லும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கவசம் போட்டுக்கொண்டு அயர்ன் மேன் ஆகிற கோடீஸ்வரர்தான் டோனி. 1979இல் 'அயர்ன் மேன்' 120 முதல் 128 வரை வந்த கதை. எழுதியவர்கள் டேவிட் மிஷலினியும் பாப் லேட்டனும். எதிரி ஒருவன் டோனியின் கவசத்தைத் தூரத்திலிருந்து இயக்கி ஒரு தூதரைக் கொல்ல வைக்கிறான். ஏற்கெனவே கையில் கோப்பையோடு திரிகிற டோனி இப்போது முழுதாக அதில் இறங்கிவிடுகிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஜார்விஸ் மேல் எரிந்து விழுகிறார். மறுநாள் ஜார்விஸ் ராஜினாமாக் கடிதத்தை நீட்டுகிறார். கடைசி இதழில் பெத்தனி கேப் என்ற பெண் கூடவே இருந்து அவரை மீட்கிறார். டோனி ஜார்விஸிடம் மன்னிப்புக் கேட்கிறார். பாட்டிலைத் திறக்கப்போய், திறக்காமல் வைக்கிறார்.

எல்லாரும் இதைப் பாராட்டுவார்கள். எனக்குக் கொஞ்சம் மனக்குறை. என் சித்தப்பா குடிப்பவர். சித்தி அவர் சட்டைப் பையில் தேடுவது பணத்தை அல்ல, பஸ் டிக்கெட்டை. எந்த ஸ்டேஜ் வரை டிக்கெட் எடுத்திருக்கிறார் என்று கட்டணத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். வேலைக்குப் போன இடத்துக்கான டிக்கெட் என்றால் அன்று சோறு சூடாக இருக்கும், எல்லைக்கான டிக்கெட் என்றால் பேச்சே இருக்காது. பல வருடம் அந்தச் சின்னத் தாளை வைத்துத்தான் அந்த வீட்டின் ராத்திரி தீர்மானமானது. அதனால் ஒரே இதழில் ஒருவர் திருந்துவதைப் படிக்கும்போது, சித்திக்கு இதைக் காட்டினால் சிரிப்பாரே என்று தோன்றியது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1983இல் டென்னி ஓநீல் எழுதும்போது டோனி மறுபடி விழுகிறார். (ராபின் வாக்கெடுப்பு நடந்தபோது பேட்மேனுக்கு ஆசிரியராக இருந்தவரும் இதே ஓநீல்தான்.) நிறுவனம் கைவிட்டுப் போகிறது, கவசத்தை நண்பர் ரோட்ஸ் போட்டுக்கொள்கிறார். கோடீஸ்வரர் நியூயார்க் தெருவில் படுத்துக் கிடக்கிறார், வாரக் கணக்கில் அல்ல, இதழ் இதழாக, மாதக் கணக்கில். 1984இல் 182ஆம் இதழில் பனிப்புயல் ராத்திரி. தெருவில் கூடக் குடிக்கும் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அங்கேயே பிரசவித்து இறந்துபோகிறாள். குழந்தையைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார் டோனி. கவசமில்லை, பறக்க முடியாது, உடம்புச் சூடு மட்டும்தான் இருக்கிறது. இந்த இதழை நான் சித்திக்குக் காட்டுவேன். 1979 கதையைப் படித்தவர்கள் தயவுசெய்து இதையும் படித்துவிட்டு வாருங்கள்.

வாண்டா நல்லவளா, கெட்டவளா?

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு இடத்தைக் காலி செய்பவர்கள் அதிகம். உட்கார்ந்து கேளுங்கள்.

வாண்டா, ஸ்கார்லெட் விட்ச், அவெஞ்சர்ஸ் என்ற ஹீரோக் குழுவில் மந்திர சக்தி உள்ளவள். கணவர் விஷன், இயந்திர மனிதர். எண்பதுகளின் நடுவில் அவர்களுக்கு இரட்டைப் பிள்ளைகள், தாமஸ், வில்லியம். 1989இல் ஜான் பைர்ன் எழுத வந்தார். முதலில் விஷனைப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டியபோது உணர்ச்சியே இல்லாத வெள்ளை உருவமாக்கினார். பிறகு பிள்ளைகள் பிள்ளைகளே அல்ல, மெஃபிஸ்டோ என்ற பேயின் ஆன்மாத் துணுக்குகள் என்று சொல்லி மறையவைத்தார். தாய் என்ன ஆனாள்? இங்கேதான் கவனிக்க வேண்டும். அகதா ஹார்க்னஸ் என்ற மூதாட்டி, வாண்டாவின் குருநாதர், அவள் தாங்க மாட்டாள் என்று பிள்ளைகளின் நினைவையே அழித்துவிடுகிறார். நல்ல எண்ணத்தில்தான். கூட இருந்த அத்தனை ஹீரோக்களும் அதற்குப் பிறகு அவள் முன்னால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

கிட்டத்தட்ட பதினைந்து வருடம் அவளுக்கு மறுநாள் காலையே இல்லை. அழக் கிடைக்க வேண்டிய நாட்களை எடுத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். 2004இல் பேச்சுவாக்கில் அந்த விஷயம் அவள் காதில் விழுகிறது. அவெஞ்சர்ஸ் சிதறுகிறது, பலர் சாகிறார்கள். 2005இல் பிள்ளைகள் உயிரோடு இருக்கும் வேறொரு உலகத்தையே உண்டாக்குகிறாள். அது உடையும்போது, இனி மியூட்டன்ட்களே வேண்டாம் என்று மூன்றே சொல் சொல்கிறாள். (மியூட்டன்ட் என்றால் பிறவியிலேயே சக்தியோடு பிறந்தவர்கள்.) மறுநாள் லட்சக்கணக்கானவர்களின் சக்தி போய்விடுகிறது.

எங்களோடு வரும் தேவனாம்பட்டினத்துப் பெண் ஒருவர், 2004 சுனாமியின்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர், இந்தக் கதையைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். "எங்க தெருவுல போன பிள்ளைங்க பேரை யாரும் சொல்ல மாட்டாங்க. அந்த அக்கா முன்னாடி சொல்லவே மாட்டாங்க. ஒருநாள் அவங்களே, 'எல்லாரும் சேர்ந்து என் புள்ளைய மறந்துட்டீங்களா'ன்னு கேட்டாங்க." பிறகு அவரும் சுண்டலைத்தான் சாப்பிட்டார், நாங்களும் கடலைத்தான் பார்த்தோம். வாண்டா செய்த நாசம் நாசம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விசாரணைக்கு வாண்டாவை அழைத்தால் அகதாவையும் அழைக்க வேண்டும்.

இரும்புக்கை மாயாவிக்கு மனசு உண்டா?

மூத்தவர்கள் கேட்பது. பேச்சில் குத்தல் இருக்கும், கவனிக்க.

1972இல் முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து தொடங்கியதே அவரை வைத்துத்தான். மூலம் 1962இல் வந்த பிரிட்டிஷ் கதை. ஆய்வுக்கூட விபத்தில் கை போனவர், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை தவிர மற்றதெல்லாம் மறையும். தமிழில் நாம் கொண்டாடிய இந்த உளவாளி ஆரம்பக் கதையில் திருடன், நியூயார்க்கையே மிரட்டியவன். கெட்டவன் எப்படி நல்லவன் ஆனான் என்பதைக் கதை அவசரமாகத் தாண்டிவிடும். கை போனதற்கு அவன் ஒருநாளாவது அழுதானா என்று கேட்டால் மூத்தவர்கள், "எங்க காலத்துல அழ நேரமில்ல தம்பி" என்பார்கள்.

லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் வேறு ஆள், ஸ்பைடர்மேன் அல்ல. உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்ற ஆசையோடு வந்து, பிறகு மற்ற குற்றவாளிகளை வேட்டையாடியவர். இதுவும் பிரிட்டிஷ் சரக்கு, 1965இல் தொடங்கியது. அடுத்த வருடத்திலிருந்து அதை எழுதியவர் யார் தெரியுமா? மேலே சொன்ன ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை 1938இல் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னாளில் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தார். எண்பதுகளில் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து நான் வாய்பிளந்து படித்த ஸ்பைடர் அவர் கை பட்டது என்று தெரிந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

செத்தவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடுகிறார்கள். எதற்கு அழ வேண்டும்?

கடலூர், விழுப்புரம் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். வருடா வருடம் அபிமன்யு சாகிறான். வருடா வருடம் என் பாட்டி அழுதார். வேஷம் கட்டியவர் காலையில் டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டிருப்பதையும் பாட்டி பார்ப்பார். 'அதான் உயிரோட இருக்காரே' என்றால், "அது அவரு, ராத்திரி செத்தது அபிமன்யு" என்பார். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஆனாலும் திரும்பி வருவதில் ஒரு குற்றம் உண்டு, எக்ஸ்-மென் குழுவின் ஜீன் க்ரேயைப் பாருங்கள். 1980இல் டார்க் ஃபீனிக்ஸாக மாறி ஒரு சூரியனையே விழுங்கி, அதைச் சுற்றிய கிரகத்தில் ஐந்நூறு கோடி உயிரை அழித்தாள். அவள் சக்தியைப் பிடுங்கிவிட்டு உயிரோடு விடுவதுதான் முதலில் போட்ட திட்டம். இவ்வளவு பேரைக் கொன்றவளுக்கு இது போதாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்ததால் 'எக்ஸ்-மென்' 137ஆம் இதழில் அவளாகவே உயிரை விட்டாள். 1986இல், அது ஜீனே அல்ல, அவள் உருவம் எடுத்த ஒரு சக்தி, உண்மையான ஜீன் கடலுக்கடியில் கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று சொல்லிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதற்குள் அவள் காதலன் ஸ்காட் கல்யாணம் செய்துகொண்டு கைக்குழந்தையோடு இருக்கிறார். ஜீன் வந்த செய்தி கேட்டதும் பெண்டாட்டி மேடலினையும் பிள்ளையையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். இவர்தான் எக்ஸ்-மென்னின் தலைவர், ஒழுக்கசீலர்! ஒருத்தி உயிர்த்தெழுந்த மறுநாள் காலை இன்னொருத்தி வாசலில் குழந்தையோடு நிற்கிறாள். பிறகு மேடலினை வில்லியாகவும் ஆக்கினார்கள், கணக்கு நேராகட்டும் என்று.

பெண் பாத்திரங்களை மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறார்கள்?

1999இல் கெய்ல் சிமோன், அப்போது வாசகி, பிறகு தானே எழுத்தாளரானவர், ஒரு பட்டியல் போட்டார்: காமிக்ஸில் கொல்லப்பட்ட, ஊனமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண்கள். 1994இல் க்ரீன் லான்டர்னின் காதலியைக் கொன்று குளிர்பதனப் பெட்டிக்குள் திணித்த கதையிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் பெயர் வந்தது. ஹீரோவுக்கு வலிக்க வேண்டும், அதற்கு ஒரு பெண் சாக வேண்டும். க்வென்னும் இதில் அடக்கம்தான். அந்தக் கதை எனக்குப் பிடிக்கும் என்பதற்காக மறைக்க முடியாது.

பேட்மேன் கதைகளில் பேட்கேர்லாக வந்த பார்பரா கார்டன் மட்டும் தப்பித்தார் என்று சொல்லலாம். 1988இல் ஜோக்கர் சுட்டு முதுகெலும்பு போனது, அந்தக் கதையில் அவர் வலியைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும்தான் அவரை அடுத்த வருடம் எடுத்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லா ஹீரோக்களுக்கும் தகவல் தரும் ஆரக்கிள் ஆக்கினார்கள். எங்கள் கூட்டத்தில் சக்கர நாற்காலியில் வரும் தம்பிக்கு அவர் பேட்கேர்லாக இருந்தது பிடிக்கவே பிடிக்காது.

எந்தக் கதையைப் பற்றிப் பேசினால் சண்டை வரும்?

2007இல் மே சித்தியைக் காப்பாற்ற பீட்டரும் மேரி ஜேனும் தங்கள் கல்யாணத்தையே மெஃபிஸ்டோவுக்குக் கொடுத்துவிட்ட கதை. 1987இல் நடந்த கல்யாணம், இருபது வருடம். நடந்ததே யாருக்கும் நினைவில்லை என்று ஆகிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தாளே, அவளுக்குக் கிடைத்தது இது. மேற்கொண்டு எழுதினால் எனக்கு பிபி ஏறும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கதையைப் பொறுத்தது. 1987இல் வந்த க்ரேவனின் கடைசி வேட்டையில் பீட்டர் உயிரோடு புதைக்கப்படுகிறான், இரண்டு வாரம் கழித்து மண்ணைத் தோண்டிக்கொண்டு வெளியே வருகிறான். அருமையான கதை, ஆனால் க்ரேவன் தன்னைத் தானே சுட்டுக்கொள்வதில் முடியும். 2017இல் தொடங்கிய 'மிஸ்டர் மிராக்கிள்' தொடரின் முதல் இதழே தற்கொலை முயற்சியில் ஆரம்பிக்கிறது. இவற்றைப் பத்து வயதுப் பிள்ளையிடம் நீட்டாதீர்கள். பதினைந்து பதினாறு என்றால் முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கூட உட்காருங்கள். படிக்கிறவர் பிள்ளையோ பெரியவரோ, கதை தன்னைப் பற்றியது என்று தோன்றி மனசு கனத்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

புத்தகம் எங்கே கிடைக்கும்? முதலில் எதைப் படிக்கலாம்?

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணிக் குவியல்களுக்கு நடுவே பழைய புத்தகம் விரித்திருப்பவர்களிடம் குனிந்து தேடுங்கள். பத்து வாரத்தில் ஒரு வாரம் ஏதாவது மாட்டும். பேரம் பேசும்போது முகத்தில் ஆசை தெரியக் கூடாது.

முதலில் படிக்க 121, 122 இரண்டையும் சேர்த்துச் சொல்வேன். 121 மட்டும் படித்துவிட்டு வராதீர்கள். என்னிடம் இரண்டும் சேர்ந்த மறுபதிப்பு ஒன்று இருக்கிறது, கேட்டால் கொடுப்பேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரையேறியபோது எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்து, அலமாரியோடு நனைந்த புத்தகம் அது. வெயிலில் காயவைத்ததில் கொஞ்சம் உப்பியிருக்கும். கடைசி இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. மேரி ஜேன் கதவுப் பக்கம் போகும் பக்கம் அதில்தான் இருக்கிறது. கிழித்துவிடாமல், மேல் ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரிக்கவும்.